பழைய வீடும் புது மாடியும்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடற்கரை பார்க்க வேண்டியதுதான். அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை. பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, உயர்ந்த மதில்களுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடிகள், மஞ்சள் வர்ணம் பூசிய பிரெஞ்சுக்கார வீடுகள் எல்லாம் அழகாகவே இருக்கின்றன. படம் பிடிக்கிறவர்களும் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் நகரத்தின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே சிறிது தூரம் நடந்தால் வேறோர் ஊர் இருக்கிறது. அது தமிழர் கட்டிய ஊர். அங்கே வீடுகள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. தெருவில் போகிறவனை "வா, உட்கார்" என்று கூப்பிடுகின்றன.

நாம் அந்தத் தெருக்களில் இரண்டு நாட்கள் சுற்றினோம். வேடிக்கை பார்ப்பது மட்டும் நம் நோக்கமன்று. நூறு, நூற்றைம்பது வருஷத்து வீட்டை இடிக்காமல், அதே சமயம் இன்றைய குடும்பம் சௌகரியமாய் வாழும்படி பெருக்கிக் கட்ட முடியுமா என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று போனோம். நம் வாசகர்களில் அநேகருக்குச் சொந்த ஊரில் ஒரு பழைய வீடு இருக்கும். அதை என்ன செய்வதென்ற கவலையும் கூடவே இருக்கும். ஆகையால் இது புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல.

முதலில் தெருவின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். புதுச்சேரித் தமிழ் வீட்டுக்குள் நுழைவதில் ஒரு மரியாதைக் கிரமம் உண்டு. தெருவை ஒட்டி, மரக்கால்கள் தாங்க, ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருக்கும். அதற்குத் தாழ்வாரம் என்று பெயர். அது வழிப்போக்கனுக்கு, வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் அங்கே ஒதுங்கலாம். அதற்கு உள்ளே திண்ணை, அது தெரிந்தவர்களுக்கு. பிறகு சித்திர வேலைப்பாடுள்ள கதவு, நடை, அதற்கப்பால் தூண்கள் சூழ்ந்த முற்றம். அங்கே உறவினர்களுக்கும் நெருங்கிய சிநேகிதர்களுக்கும்தான் இடம். தாழ்வாரங்கள் வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகும்போது தெரு முழுவதுமே ஒரு நீண்ட மண்டபம்போல் ஆகிவிடுகிறது. ஒருவர் வீட்டை இடித்துச் சீமைச் சுண்ணாம்புப் பெட்டி ஒன்றை நிறுத்தினால், அந்த மண்டபத்தில் ஒரு பல் விழுந்தாற்போல் ஆகிவிடும். நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, தெருவுக்கே.

இந்தத் தெருக்கள் இவ்வளவு நேராக இருப்பதற்குக் காரணம் டச்சுக்காரர்கள் என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படலாம். 1693 முதல் 1699 வரையில் ஊர் அவர்கள் கையில் இருந்தது. கோடு போட்டாற்போன்ற தெருப்படத்தை அவர்கள் வகுத்தார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் அதையே பின்பற்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் மறுபடி வந்து பழைய அஸ்திவாரங்களின்மேலேயே கட்டத் தொடங்கினார்கள். ஆகவே இன்று நாம் காண்கிற வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை.

அந்த நாசத்துக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1730-களில் எழுந்த கட்டிடம் அது. துய்ப்ளேக்சு துரையின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761-ல் தாம் மறையும் வரையில் தினசரிக் குறிப்பு எழுதி வைத்த அதே பிள்ளைதான். அவருடைய வீட்டைக் கவனித்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. கீழ்க்கட்டு முழுவதும் நம் நாட்டு முறை. செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள் முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. மேல் மாடியிலோ வெள்ளை வெளேரென்ற சுதைத்தூண்கள், பிரெஞ்சு பாணியில். மேலே இருப்பது கீழே இருப்பதைப் பார்த்துக் காப்பியடிக்கவுமில்லை. அதை அலட்சியம் செய்யவுமில்லை. கீழ்த்தூண் எங்கே நிற்கிறதோ அந்த ஒழுங்கை மதித்து மேலே நிற்கிறது. இரண்டு பாஷை தெரிந்த மனிதருக்கு இரண்டு பாஷை பேசும் வீடு!

பிற்காலத்தில் இதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. குடும்பம் பெருகினபோது, கையில் பணம் சேர்ந்தபோது, கீழ்வீட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு மாடி எழுப்பினார்கள். கீழே திண்ணையும் தாழ்வாரமும். மேலே வளைவுள்ள ஜன்னல்களும் இரட்டைத் தூண்களும் பலுஸ்தர் கைப்பிடிச் சுவரும். பழைய வீட்டை விரித்துக் கட்டுவது இன்று யாரோ கண்டுபிடித்த புதுக்கலை அல்ல என்பதற்கு இந்த வீடுகளே சாட்சி. நம் பாட்டனார்கள் அதைச் செய்தார்கள். ஆனால் இடித்துவிட்டுச் செய்யவில்லை.

இத்தெருக்களுக்கு வேறொரு பெருமையும் உண்டு. சுதேசியம் பேசியதற்காக ஆங்கில சர்க்கார் தேடிய தேசபக்தர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவை இந்த வீடுகளே. பாரதியார் 1908 முதல் 1918 வரையில் பத்து வருஷம் இவ்வூரில் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. 1910-ல் வ. வே. சு. ஐயர் வந்து சேர்ந்தார். அதே வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி வந்திறங்கிய ஸ்ரீ அரவிந்தர், கோமுட்டித் தெருவில் சங்கர செட்டியார் வீட்டு மேல் மாடியில்தான் முதலில் தங்கினார். அந்நாளில் ஆங்கில சர்க்காரின் உளவுக்காரர்களும் இதே தெருக்களில் அலைந்தார்கள். தாழ்வாரம் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம் என்று கட்டப்பட்டது. உளவுக்காரனும் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்கியிருப்பான்! தேச சரித்திரம் கோட்டை கொத்தளங்களில் மட்டும் நடப்பதில்லை. வாடகை வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது. கோட்டைக்குக் காவல் போடுகிற சர்க்கார்கள் உண்டு. கூடத்துக்குக் காவல் வீட்டுக்காரர்தான்.

அந்தக் காவல் தளர்ந்து வருகிறது என்பதுதான் துக்கமான செய்தி. கலை பாரம்பரியப் பாதுகாப்புக்கான 'இன்டாக்' ஸ்தாபனம் 1984 முதல் இவ்வூரில் வேலை செய்து வருகிறது. 1990-களின் நடுவில் அவர்கள் கணக்கெடுத்தபோது பாதுகாக்கத்தக்க கட்டிடங்கள் சுமார் 1,800 இருந்தன. பின்னர் எண்ணியபோது சுமார் 1,200-தான் மிஞ்சின. மறைந்தவற்றில் பெரும் பகுதி தமிழர் பகுதி வீடுகள். யுத்தமில்லை, பூகம்பமில்லை; 1761-ல் பீரங்கி செய்த காரியத்தைச் சமாதான காலத்திலேயே கடப்பாறை செய்துகொண்டிருக்கிறது.

ஏன் இடிக்கிறார்கள்? பேராசை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. நாம் சென்ற ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

அந்த வீட்டுக்கு மூன்று பங்கு. மூத்தவர் வீட்டில் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். தம்பி பாரிஸில் குடியேறிவிட்டார். தங்கை காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவர். கட்டிடக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, வீட்டை இடித்து நான்கு அடுக்குக் கட்டித் தருவதாகவும், பங்குக்கு ஒரு ஜாகை கொடுப்பதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஐயா, இந்தத் தூணைப் பாருங்கள். என் பாட்டனார் காலத்துத் தேக்கு. இதை எடை போட்டு வாங்க ஆள் தயாராயிருக்கிறது. எனக்கு விற்க மனமில்லை" என்றார் பெரியவர்.

அப்போது அவருடைய மருமகள் மோர் கொண்டு வந்து வைத்தார். சிறிது தயங்கிவிட்டு, "மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐயா போன்றவர்கள் வருகிறீர்கள், தூணைத் தட்டிப் பார்த்து ஆஹா என்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, கொட்டுகிற மழையில், கால் முடியாத அத்தையைக் கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றிக் கொல்லைக்கு அழைத்துப் போகிறவள் நான்தானே?" என்றார்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நாமும் மோரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். அந்த அம்மாள் சொன்னதற்கு விடை சொல்லாத பழமைப் பற்று வெறும் பேச்சு. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதில் வாழும் பெண்மணிகளின் முதுகைக் காப்பாற்ற வேண்டும்.

நல்ல வேளையாக, அந்த வீட்டுக்கு விடை கிடைத்திருக்கிறது. பழைய கட்டிட வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரும், இளம் கட்டிடக்கலை நிபுணர் ஒருவரும் சேர்ந்து போட்ட படத்தைப் பெரியவர் விரித்துக் காட்டினார். முற்றத்தையும் கூடத்தையும் முன்கட்டையும் அவர்கள் தொடவே இல்லை. கொல்லையில் மாட்டுத்தொழுவம் இருந்து பாழான இடத்தில் இரண்டு அடுக்கில் ஒரு புதுக்கட்டு. அதன் உயரம் முன்கட்டின் உயரத்தைவிடக் குறைவு. ஆகவே தெருவில் நிற்பவனுக்கு அது தெரியாது. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஒரு சிறு நடைவெளி. குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் புதுக்கட்டிலேயே. பழைய சுவரில் ஒரு குழாயும் புதைப்பதில்லை. கீழே கூடத்திலிருந்து படி ஏறாமல் போகும்படி ஓர் அறை, பக்கத்திலேயே குளியலறை. அது கால் முடியாத மூதாட்டிக்கு. மாடியில் மகனுக்கும் மருமகளுக்கும் ஜாகை. கூடத்திலிருந்து புதுக்கட்டு வரையில் தாழ்வாரத்தில் ஓடு இறக்கியிருப்பதால் மழையில் நனைய வேண்டியதில்லை.

"தங்கை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். முற்றத்துக்கு மேலே மட்டும் தகரமோ கண்ணாடியோ போட்டு மூடிவிடாதே அண்ணா என்று ஒரு நிபந்தனை. தம்பியின் கையெழுத்துத்தான் வர வேண்டும்" என்றார் பெரியவர். அந்தக் கையெழுத்து வராவிட்டால் படம் வெறும் காகிதந்தான். ஒரு பழைய வீட்டின் ஆயுள் பல சமயம் தேக்கிலும் சுண்ணாம்பிலும் இல்லை. பங்காளிகளின் கையெழுத்தில் இருக்கிறது.

தங்கையின் நிபந்தனையில் பாசம் மட்டுமல்ல, சாஸ்திரமும் இருக்கிறது. இரு பக்கமும் அடுத்த வீடுகள் ஒட்டி நிற்கும் நெருக்கமான தெருவில் வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது முற்றத்தின் வழியாகத்தான். சூடான காற்று அதன் வழியே மேலே போகிறது. தெருப்பக்கத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அதைக் கண்ணாடியால் மூடினால் வீடு அடுப்பாகிவிடும். பிறகு காற்று யந்திரத்துக்கு மாதா மாதம் கப்பம் கட்ட வேண்டியதுதான்.

பழுது பார்க்கும் முறையிலும் அறிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் பல. மேஸ்திரி நமக்கு நின்ற இடத்திலேயே பாடம் நடத்தினார். இவ்வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. தரையிலிருந்து ஈரம் அதில் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடுகிறது, சுவர் உலர்கிறது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரே ஏறுகிறது. கடலோர ஊரானதால் ஈரத்தோடு உப்பும் உண்டு. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லின் முகத்தை அரித்துவிடுகிறது. ஐந்தாறு வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. கூடவே செங்கல்லும் உதிர்கிறது. உடனே, "பழைய சுவர் பலவீனமாகிவிட்டது, இடித்துவிடலாம்" என்று தீர்ப்பு! கெடுத்தது புதுப் பூச்சு. தண்டனை பழைய சுவருக்கு.

தளமும் அப்படித்தான். இவ்வீடுகளின் மேல்தளத்தில் தேக்கு விட்டங்களுக்கு மேல் ஓரங்குல கனமுள்ள சிறு செங்கற்களைச் சாய்வாட்டமாகக் குத்தி வைத்துக் காரை இடுவார்கள். அதன்மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். இதைத்தான் 'மதராஸ் தளம்' என்கிறார்கள். இத்தகைய தளம் ஒழுகினால் காரணம் அநேகமாய் ஒன்றுதான்: மழைநீர் போகும் தூம்பு அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். சுவருக்குள் இருக்கும் விட்டத்தின் முனை அந்த ஈரத்தில் மக்கிப்போகும். அதற்காக விட்டம் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. மக்கின முனையை அறுத்துவிட்டு நல்ல தேக்குத் துண்டை இணைத்துப் பூட்டலாம். நாம் பார்த்த ஒரு கூடத்தில் அப்படிப் பூட்டிய விட்டங்கள் ஐந்து இருந்தன. புதுத் துண்டுக்குப் பழைய நிறம் ஏற்றாமல் விட்டிருந்தார்கள். "பின்னால் வருகிறவனுக்கு எது பழசு, எது நான் வைத்தது என்று தெரிய வேண்டாமா?" என்றார் மேஸ்திரி. எவ்வளவு நாணயமான பேச்சு!

ஒரு வீட்டைக் காப்பாற்றுவது இப்படி. ஒரு தெருவையே காப்பாற்ற முடியுமா என்றால், அதற்கும் உதாரணம் இருக்கிறது. கல்வே சுப்பராய செட்டியார் தெரு என்றும் சொல்லப்படும் வைசியாள் தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். 2002 முதல் 2004 வரையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா ஊர்ப்ஸ்' திட்டத்தில், இத்தாலியிலுள்ள உர்பினோ நகரமும் பிரான்சிலுள்ள வில்நெவ்-சுர்-லோ நகரமும் புதுச்சேரியோடு கைகோத்தன. இன்டாக் ஸ்தாபனத்தார் முன்னின்று அத்தெருவின் ஒரு பகுதியில் வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டார்கள். இழந்துபோன தாழ்வாரங்கள் மறுபடி எழுந்தன. பழமை மிஞ்சாத புது வீடுகளும் தெருவின் வரிசைக்கு இசையும்படி முகத்தை மாற்றிக்கொண்டன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு கொண்டார்கள் என்பதுதான் இதில் விசேஷம். இனாமாக வந்த வர்ணம் இனாமாகவே உதிர்ந்துபோகும். கைப்பணம் போட்டவன் மழைக்காலத்தில் ஏறிப் பார்ப்பான். 2008-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்புப் பரிசுகளில் ஒன்று இத்தெருவுக்குக் கிடைத்தது. அத்தெருவின் பெரிய வீடு ஒன்று விருந்தினர் விடுதியாகப் பிழைத்திருக்கிறது. விடுதியாவது எல்லா வீட்டுக்கும் மருந்தாகாது. ஊர் முழுவதும் விடுதியானால் குடியிருக்க யார் இருப்பார்கள்? ஆயினும் பூட்டிக் கிடந்து இடிவதைவிட விளக்கெரிவது மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. கடற்கரையிலே 1870-71-ல் கட்டிய 'மேரி' என்னும் நகரசபை மாளிகை, 2014 நவம்பர் மாதத்து மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கியின் உதவியோடு அதே உருவத்தில் புதிதாக எழுப்பி 2021-ல் திறந்தார்கள். கட்டிடம் அழகாயிருக்கிறது, கட்டினவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அது பழைய மாளிகையின் படம்தானேயொழிய மாளிகையல்ல. நகரசபை மாளிகைக்கு உலக வங்கி வந்தது. நம் தாத்தா வீட்டுக்கு யார் வருவார்கள்?

ஆகையால் பழைய வீடுள்ள வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறோம். பாகப்பிரிவினை என்று வரும்போது சுவரைப் பிரிக்கும் முன், வீட்டை ஒருவரே எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க வழியுண்டா என்று ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். காண்ட்ராக்டரைக் கூப்பிடும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியை அழைத்து வந்து சுவரைக் காட்டுங்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை. புதிதாகக் கட்டுவதானால் கொல்லைப் பக்கத்தில் கட்டுங்கள். பழையதைவிடத் தாழ்வாகக் கட்டுங்கள். தண்ணீரைப் பழைய சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். எந்த அறை யாருக்கு, எந்தப் படி யாருடைய காலுக்கு உயரம் என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே படம் போடச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், காலம் வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம். பணம் வேண்டாத காரியம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்கு ஏறி, தூம்பில் அடைத்த சருகை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு பிடுங்கிவிட்டு இறங்குங்கள். வீட்டுக்கு அதுவே பத்து வருஷம் ஆயுள்.